மலைக்கு ஒரு இலேசான ஸ்டாண்டு

மார்கழி 4, வியாழன்

காற்று. விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கூரை ஓடு இரண்டு சரிந்து கிடந்தது. பேத்திக்கு இருமல், மிளகுக் கஷாயம் போட்டேன். பாதியைத் துப்பிவிட்டாள்.

அரிசி மில்காரரின் கணக்குப்பிள்ளை வந்து போனார். சித்திரைக்கு மில் பேரில் காலண்டர் அடிக்கிறார்களாம். தென்மலையும் அருவியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும், பதினைந்தாம் தேதிக்குள். என் கொழுந்தன் ரங்கசாமியிடமும் சொல்லியாயிற்று. இரண்டில் எது தெளிவோ அதைத்தான் போடுவார்கள். எடுத்தவர் பேர் அடியில் வரும்.

பேர் வரும். அதுதான் எனக்கு வேண்டும்.

வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள் அவருடைய ஸ்டூடியோ சாவியை வாங்கிக்கொண்டு ரங்கசாமி சொன்னது: "அண்ணி, நீங்க இனி ஊட்டைப் பாத்துக்குங்க. கேமராவுக்குப் பின்னால நிக்கறது பொம்பளைக்கு ஆவாதுங்க." ஆறு வருஷம் ஆகிறது. அன்று அவன் வேட்டி நுனியில் சாம்பார்க் கறை. கடைசி நாலு வருஷம் அவருக்குக் கண் மங்கல். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்தது நான். அந்தப் பழைய அருவிப் படமும் நான் எடுத்ததே. இன்று ஸ்டூடியோவில் ரங்கசாமி பேரோடு தொங்குகிறது. தேர் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இருப்பது: மடக்குக் கேமரா, கறுப்புத் துணி, படம் விழுகிற கண்ணாடிப் பிளேட் இரண்டு.
இல்லாதது: நான் தூக்குகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு.

பழைய தேக்கு ஸ்டாண்டு கன்றுக்குட்டி கனம். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் வருகிறவன் ரங்கசாமியின் ஆளாகத்தான் இருப்பான். வழியிலேயே ஒரு கால் ஒடியும்.

மார்கழி 5, வெள்ளி

மருமகள் சரசுவோடு பாலக்காடு. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருத்தி கோழியோடு. பழைய சாமான் விற்கிற ராவுத்தர் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் பூட்டு. ஜும்மா தொழுகை முடிந்துதான் திறப்பார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்திருந்தோம். சரசு வாய் மூடவில்லை.

"ஏனுங்க அத்தை, இந்த வயசுல மலை ஏறோணுங்களா?"

"வயசு காலுக்குத்தான். கண்ணுக்கு இல்லை."

"ஸ்டாண்டைத் தூக்கறது காலுதானுங்களே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

ராவுத்தரிடம் இரண்டு ஸ்டாண்டு. நெல்லியாம்பதித் தோட்டத்துத் துரை ஊரை விட்டுப் போகும்போது விட்டுப் போனவை. ஒன்று பித்தளைக் குழாய், ஒன்றுக்குள் ஒன்று நுழைவது, குடை அளவு, பளபளப்பு. இன்னொன்று மரம். ஒரு சட்டத்துக்குள் இன்னொரு சட்டம் இழுபடும், திருகி நிறுத்தலாம். பித்தளையை விடக் கொஞ்சம் கனம். ஒரு கையில் தூக்கி நடந்து பார்த்தேன். முடிகிறது.

இரண்டையும் தெருவில் காற்றுக்கு நேரே நிறுத்தச் சொன்னேன். சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கி ஸ்டாண்டின் தலையில் வைத்தேன்.

ராவுத்தர்: "பெரியம்மா, ஸ்டாண்டு வாங்க வந்தீங்களா, தண்ணிப் பந்தல் வைக்க வந்தீங்களா?"

"தண்ணி நின்னாத்தான் படம் நிக்கும் பாய்."

பித்தளையில் தண்ணீர் அதிர்ந்துகொண்டே இருந்தது. நூறு எண்ணினேன், நிற்கவில்லை. மரத்தில் அதிர்ந்தது, பத்து எண்ணுவதற்குள் அடங்கியது. அடங்கிய பிறகு ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கி, சொம்பு சாய்ந்து, ராவுத்தர் செருப்பெல்லாம் தண்ணீர்.

"நான் சொல்லலை? அது தேஞ்சு போன சாமானுங்க. பித்தளையை எடுத்துக்குங்க."

தேய்ந்தது இல்லை, காய்ந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். சட்டம் வழுவழுப்பாகவே இல்லை. இந்தக் காற்றில் எந்த மரம் சுருங்காது? கோவிந்தாபுரத்தில் அப்பன் மார்கழி பிறந்தால் வண்டிச் சக்கரத்தைக் கழற்றிக் குளத்தில் போடுவார். மரம் ஊறி இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். இதை ராவுத்தரிடம் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறும். மரத்தையே எடுத்துக்கொண்டேன். தலைத் திருகு நம் கேமராவுக்குச் சேர்ந்தது.

மார்கழி 7, ஞாயிறு

ஸ்டாண்டைக் குளத்தில் போட்டேன். மேலே கல். துவைக்க வந்தவள் ஒருத்தி: "ஆத்தா, மூணு கால் கோழியக் குளிப்பாட்டறீங்களா?" எல்லாரும் சிரிப்பு. அவள் மாமியார் என் கல்யாணத்துக்கு வந்து பாயசத்தில் இனிப்பு இல்லை என்று சொன்னவள். அந்த வீட்டு வாய்தான் இதுவும்.

சரசு கடைத்தெருவில் கேட்டு வந்தது: ரங்கசாமி புதன்கிழமை மலைக்குப் போகிறான். நாலு ஆள், பெரிய ஸ்டாண்டு. அப்படியானால் நானும் புதன்.

மார்கழி 9, செவ்வாய்

சக்கரத்துக்கு இரண்டு நாள் என்பது கணக்கு. இதற்கும் இரண்டு நாள் விட்டேன். எடுத்துப் பார்த்தால் ஆட்டம் துளியும் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன், காற்று பட்டு மறுபடி காயாமல் இருக்க. புளிச்சோறு கட்டியாயிற்று. துண்டு இரண்டு, தீப்பெட்டி, சரசுவின் மேல்துணி. பேத்தி பக்கத்து வீட்டில்.

மார்கழி 10, புதன்

உட்கார்ந்து எழுத முடியவில்லை, முழங்கால் தீயாக எரிகிறது. இருந்தாலும் எழுதிவிட்டே படுப்பேன்.

இருட்டோடு கிளம்பி, வெயில் மலையில் விழும்போது பாறைக்கு வந்துவிட்டோம். ஸ்டாண்டை நானே தூக்கினேன், கேமரா சரசு. ரங்கசாமி முன்னாலேயே வந்திருந்தான். ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டு. காற்றில் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு ஒரு ஆள் பிடித்துக்கொண்டு, நாலாவது ஆள் அவனுக்குக் குடை.

சாக்கைப் பிரித்துக் காலை இழுத்தேன். வரவில்லை. சரசு இழுத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். மரம் ஊறி இறுகிப்போய்விட்டது. சக்கரம் இறுகினால் போதும், அது உள்ளே வெளியே போகவேண்டியது இல்லை. இது போகவேண்டும். ஊறப்போட்ட எனக்கு அது தோன்றவில்லை. எடுத்தபோது ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம். வண்டிக்காரன் வீட்டில் பிறந்த புத்தி.

"என்னங்க அண்ணி, ஸ்டாண்டு இன்னும் வளரலீங்களா?" ரங்கசாமி. நாலு ஆளும் சிரித்தார்கள்.

சரசு காதருகே: "அத்தை, கெளம்பீரலாமுங்க."

"கேமராவைக் குடு."

என் இடுப்பு உயரத்துக்குத்தான் ஸ்டாண்டு. அப்படியே பாறை விளிம்பில் விரித்தேன். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் மலை தலைகீழாக நின்றது. நின்றது என்றால் நின்றது. தரையோடு இருப்பதால் காற்றுக்கு அதில் பிடி இல்லை. இத்தனை வருஷம் அவர் உயரத்துக்கு ஸ்டாண்டை நிறுத்தி, நான் முக்காலி மேல் ஏறிப் பார்த்தேனே, ஒரு நாளாவது இப்படித் தோன்றியதா.

முன்னால் புல் ஆடி மறைத்தது. சரசுவை அதன்மேல் உட்காரச் சொன்னேன்.

"முள்ளுங்க."

"ரெண்டு நிமிசம்."

எதிரே நின்ற பனைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓலை அடங்கியதும் லென்ஸ் மூடியைத் திறந்து மூன்று எண்ணி மூடினேன். பிறகு இன்னொன்று. பிளேட் தீர்ந்தது.

ரங்கசாமி தன் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தான். "மூச்சு வுடாதீங்கடா, கால் ஆடுது." மூச்சு விடாமல் எத்தனை நேரம் பிடிப்பார்கள் பாவம்.

மார்கழி 12, வெள்ளி

பிளேட் கழுவியாயிற்று. முதலாவதில் ஓரத்தில் சரசுவின் கொண்டை. இரண்டாவது தெளிவு. அருவி மூன்று இழையாகப் பிரிந்து விழுவது தெரிகிறது, பனை ஓலை ஒவ்வொன்றும் தனித்தனி. பிரிண்ட் போட்டு மில்லுக்குக் கொடுத்தனுப்பினேன். சரசு முதலாவது பிளேட்டைத் தனக்கு வேண்டும் என்கிறாள். கொண்டை நன்றாக விழுந்திருக்கிறதாம்.

முழங்காலுக்கு எண்ணெய். கடுக்காய் தீர்ந்துவிட்டது.

மார்கழி 14, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. கணக்குப்பிள்ளை வந்தார். ரங்கசாமி படத்தில் மலை இரண்டாகத் தெரிகிறதாம், என்னுடையதைப் போடுகிறார்களாம். கையில் காகிதம்.

"பேரு எப்படிப் போடறதுங்க? உங்க ஊட்டுக்காரர் பேரைப் போட்டு, அவங்க சம்சாரம்னு எழுதியிருக்கறனுங்க. அதானுங்க மரியாதை."

காகிதத்தையும் பேனாவையும் வாங்கினேன். அவர் எழுதியதை அடித்தேன். அதன் கீழே மாராத்தாள், கொல்லங்கோடு என்று நானே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். மை காய்கிற வரை காகிதத்தை அவர் கையில் கொடுக்கவில்லை.