நெவில் வாங்காத மீதி

பிப்ரவரி 4, செவ்வாய்

பையை எடைமெஷின் மேல் வைத்து, முள் நிற்பதற்குள் இறக்கிவிட்டேன். பயம்தான். டிக்கெட்டை மலிவாகக் கொடுப்பவன் பையில்தான் விட்டதைப் பிடிப்பான் என்று பக்கத்து வீட்டு பெரில் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊர் பார்ன்ஸ்லியிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போவதைவிட புடாபெஸ்டுக்குப் பறப்பது மலிவு என்றால் யார் நம்புவார்கள்? நெவில் நம்பினான். "உடனே வாங்கு" என்றான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை.

அவன் நூலகத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து டாக்டர் ஆபீசுக்கு ஃபோன் செய்தேன். ஞாபகப் பரிசோதனை. இருபதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் திரும்பி வந்திருப்போம். அவனிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? கார் சாவி ஃப்ரிட்ஜுக்குள் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தது. போன வாரம் கெட்டிலைக் கையால் காட்டி, "அது... அதான், தண்ணி சுட வைக்கிறது, அத எடு" என்றான். இதெல்லாம் எனக்கும் நடக்கும்தான். ஆனால் இவன் பஸ் டிப்போவில் டிரைவர்களின் வசூலை எண்ணி வாங்கியே ரிட்டயர் ஆனவன். ஒரு பென்னி குறைந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் மளிகைக் கடையில் உள்ளங்கை நிறைய நாணயத்தை வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றான். கடைசியில் அந்தப் பெண்ணே பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

போய் வந்துவிடலாம். இனிமேல் போக முடியுமோ என்னமோ.

பிப்ரவரி 8, சனி

லிண்ட்சி ஃபோன் செய்தாள். "இந்தக் குளிர்ல யாராவது அங்க போவாங்களாம்மா?" குளிரில்தான் மலிவு என்றேன். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். பெற்ற மகளிடமே பொய்.

பிப்ரவரி 10, திங்கள். புடாபெஸ்ட்

பை தப்பித்தது. காரணம், அதில் இருக்கவேண்டியதெல்லாம் எங்கள் மேல் இருந்தது. ஆளுக்கு மூன்று ஸ்வெட்டர், மேலே கோட்டு, கோட்டுப் பையில் டீப்பைகள், செருப்பு, என் மாத்திரைகள். நெவில் உட்கார்ந்தபோது இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். ரொம்ப நாளாயிற்று.

அறை நான்காவது மாடியில், கீழே டிராம் ஓடுகிறது. லிஃப்ட் உண்டு, ஓடவில்லை. பரவாயில்லை, படுக்கை சுத்தமாக இருக்கிறது, காலைச் சாப்பாடு உண்டு.

நெவில் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து இந்த ஊர் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். 'கொஸொனொம்'. நன்றி என்று அர்த்தமாம். கதவைத் திறந்தவருக்குக் கொஸொனொம். சாவி கொடுத்தவருக்குக் கொஸொனொம். டிராமில் காலை மிதித்தவனுக்கும் ஒரு கொஸொனொம். ஒரு வார்த்தையாவது மறக்காமல் நிற்கிறதே என்று நான் மனசுக்குள் டிக் போட்டுக்கொண்டேன். நான் எதற்கெடுத்தாலும் டிக் போடவோ கிராஸ் போடவோ ஆரம்பித்துவிட்டேன். பாவி.

சாயங்காலம் சூப். மாட்டிறைச்சி, மிளகாய்த்தூள், பெரிய கிண்ணம், கூடவே ரொட்டி. அதுவே சாப்பாடுதான். இந்தக் குளிருக்கு இதைவிட என்ன வேண்டும்! நெவில் கிண்ணத்தை ரொட்டியால் வழித்தான். நான் கழிவறைக்குப் போய்விட்டு வருவதற்குள் பணம் கொடுத்து, கோட்டு மாட்டி நின்றான்.

அறைக்கு வந்ததும் நாளைக்கு வேண்டியதை எடுத்து வைக்கலாம் என்று நெவிலின் பர்ஸைப் பார்த்தால் பணம் குறைகிறது. பத்தாயிரம் ஃபோரின்ட் நோட்டு ஒன்றைக் காணோம், எங்கள் பணத்தில் சுமார் இருபது பவுண்டு. அட்டையைத் தேய்த்தால் வங்கிக்காரன் தனியாகக் கட்டணம் பிடிப்பான் என்று எல்லாமே ரொக்கமாகத்தான் கொண்டுவந்திருக்கிறோம்.

"பத்தாயிரமா குடுத்தே? மீதி எங்க?"

"மீதி... அவன் குடுக்கலியே."

"குடுக்கலியா, நீ வாங்கலியா?"

அவன் யோசித்தான். "குடுத்தானோ என்னமோ" என்றான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மறுபடியும்.

காலையில் நன்றாகத்தான் இருந்தோம். பெரிய சந்தைக்குள் நடந்தோம். பார்க்கக் காசு கேட்கவில்லை. மிளகாய்ச் சரம், தொங்கும் சாசேஜ், ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் காய்கறியில் மனுஷ முகம் செய்து வைத்திருக்கிறார்கள். நெவில் ஒவ்வொரு பாட்டிலாக, இது உன் தங்கை, இது பெரில் என்று சொல்லிக்கொண்டு வந்தான். பெரில் அச்சு அசலாக அப்படியேதான்.

பிறகு ஒரு காபிக்கடை. கேக் ஒன்று வாங்கி இரண்டு முள்கரண்டி கேட்டோம். அவன் நோட்டை நீட்டியதைப் பார்த்தேன். கொஸொனொம் சொன்னதும் காதில் விழுந்தது. நான் கோட்டு எடுக்கப் போனேன். வெளியே வந்து கேட்டால் மீதி இல்லை. பாலத்தின் மேல், அந்தக் காற்றில், எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துவிட்டுத் தேடினான். கைக்குட்டை, டீப்பை, டிராம் சீட்டு. "விழுந்திருக்கும் கிளென்டா. எங்கயோ விழுந்திருக்கும்." முகம் வெளுத்துப்போயிருந்தது. சுற்றிப் போகிறவர்கள் பார்க்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஏன் கோபம்? அவன் மேலா?

அதோடு விட்டதா? டிராமில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டான். நான் உள்ளே, அவன் வெளியே, கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கட்டணத்துக்குப் பயந்து இரண்டு ஃபோனையும் அணைத்து வைத்திருக்கிறோம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டமா? ஆனால் ஓடினேன். விட்ட இடத்திலேயே நின்றான். தூக்கிய கையை மட்டும் இறக்கியிருந்தான்.

"நீ வருவேன்னு தெரியும். அதான் அசையல" என்றான்.

"பர்ஸ எங்கிட்ட குடு."

"எதுக்கு?"

"குடு நெவில்."

கொடுத்துவிட்டான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 12, புதன்

காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து நாலு ரொட்டியும் சீஸும் கைக்குட்டையில் சுருட்டி எடுத்துக்கொண்டேன். மதியம் கோட்டைக் குன்றின் மேல் பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டோம். ஆறும் பாலங்களும் ஊரும் மொத்தமாகக் காலடியில். காசு கொடுத்தால்கூட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

வரைபடத்தை என்னிடம் கொடுத்துவிட்டான். ரோடு கடக்கும்போது என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறான். ரொட்டிக்கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால், "நீயே சொல்லிடு". கடைக்காரியிடம் எண்ணிச் சரியாகக் கொடுத்தேன். அவன் என் பின்னால் நின்று, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஒரு கொஸொனொம் கூடக் கேட்கவில்லை.

ஒரு பர்ஸ்தானே? ஒரே நாளில் ஒரு மனுஷன் இப்படிச் சுருங்குவானா?

இருபதாம் தேதி வரட்டும். ஐயோ, வராமலே இருக்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனால் எழுதியே ஆகவேண்டும்.

கடைசி நாள் என்பதால் மதியத்துக்கு அதே சூப் கடைக்குப் போனோம். நான்தான் வற்புறுத்தினேன். முதல் நாள் பரிமாறிய பையன், பெயர் காபோர், எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து ஜன்னலோர மேசை கொடுத்தான். நெவிலுக்கு ரொட்டி ஒரு துண்டு கூடுதல். இதென்ன இப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறான் என்று எனக்குச் சந்தேகம் வேறு.

பில் வந்தது. என்னிடம் இருந்தது பத்தாயிரம் நோட்டுதான். நீட்டினேன். "தேங்க் யூ, லவ்" என்றேன். எங்கள் ஊரில் பஸ் டிரைவரிலிருந்து பல் பிடுங்குகிறவர் வரை எல்லோருக்கும் சொல்வதுதான். அவன் நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, நோட்டை வாங்கிக்கொண்டு போனான்.

காத்திருந்தேன். அவன் வேறு மேசை துடைத்தான். கோட்டு மாட்டினேன். மறுபடி உட்கார்ந்தேன். இருமினேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

கேட்டுவிடுவதுதானே என்று யாரும் சொல்வார்கள். எங்களுக்கு அது வராது. உயிரை வேண்டுமானாலும் விடுவோம், ஹோட்டலில் வாய் திறந்து பணம் கேட்க மாட்டோம். நெவில் தலையைக் குனிந்தபடி மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ தோன்ற ஆரம்பித்தது. இது அவன் கையிலிருந்து போன பணம் இல்லை. என் கையிலிருந்து போனது. என் கண் முன்னால் போனது.

எழுந்து போனேன். மன்னிக்கணும் என்றேன். தொந்தரவுக்கு மறுபடியும் மன்னிக்கணும் என்றேன். "அந்த மீதி... ஏதாவது... இருக்குமா?"

அவன் முகம் வாடிவிட்டது. "நீங்க தேங்க் யூ சொன்னீங்களே மேடம்?"

"ஆமா. சொன்னேன்."

"காசு நீட்டும்போது தேங்க் யூ சொன்னா, மீதி உனக்குத்தான்னு அர்த்தம். இங்க எல்லாக் கடையிலயும் அப்படித்தான். மீதி வேணும்னா, அது கைக்கு வர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது." பிறகு நெவில் பக்கம் பார்த்துச் சொன்னான். "சார் அன்னிக்கு எங்க பாஷையிலயே சொன்னாரே! அவ்வளவு பெரிய டிப்ஸு இந்தக் கடையில யாரும் குடுத்ததில்ல. எங்கம்மாகிட்ட கூடச் சொன்னேன், ஒரு பெரிய மனுஷன் வந்தாருன்னு."

எனக்குச் சிரிப்பதா, விழுந்து சாவதா என்று தெரியவில்லை. நெவில் நிமிர்ந்தான்.

"அப்ப நான் தொலைக்கலியா?"

கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டான். பிறகு காபோரிடமே மறுபடி கேட்டான். "தம்பி, நான் தொலைக்கலதானே?" அவனுக்கு என்ன புரிந்ததோ, "இல்ல சார், எங்கிட்டதான் குடுத்தீங்க" என்றான். நெவில் கைதுடைக்கும் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நானும் அழுதேன், அந்த ஜன்னலோர மேசையில், எல்லோரும் பார்க்க. வெட்கமாவது ஒன்றாவது.

காபோர் இன்றைய மீதியைக் கொண்டுவந்து வைத்தான். முதல் நாள் பணத்தையும் தருகிறேன் என்று பையில் கை விட்டான். நெவில் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். இன்றைய மீதியை மட்டும் எண்ணினான். எவ்வளவு சரசரவென்று எண்ணினான்! டிப்போவில் எண்ணிய அதே விரல். டிப்ஸுக்கு உரியதைத் தனியாக நகர்த்திவைத்து, மற்றதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நான் பர்ஸையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

ஆற்றங்கரையில் சுடச்சுட ஒரு சர்க்கரை ரொட்டி வாங்கினோம். குழாய் மாதிரி, ஆவி பறக்க. பிய்த்துத் தின்றபடி நடக்கும்போது சொன்னேன். இருபதாம் தேதிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை, திட்டு என்றேன்.

"தெரியும்" என்றான்.

"தெரியுமா!"

"கிளம்பறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை டாக்டர் ஆபீஸ் பொண்ணு ஃபோன் பண்ணிச்சு, வர்றது உறுதியான்னு. நான் பாட்டுக்கு உறுதின்னுட்டேன்."

"ஏன்டா எங்கிட்ட கேக்கல?"

"நீயே பயந்துபோயிருக்கே. நான் வேற எதுக்கு?" ரொட்டியைப் பிய்த்து என் கையில் கொடுத்தான். "நீ பர்ஸ கேட்டப்ப, சரி, ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சேன். நீ என்னப் பாத்த பார்வைய நானே நம்பிட்டேன் கிளென்டா."

மூன்று நாள் அவன் அதைச் சுமந்துகொண்டு என் பின்னால் நடந்திருக்கிறான். பயம் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப அத கேன்சல் பண்ணிடட்டுமா?"

"வேணாம். சாவிய ஃப்ரிட்ஜுல வெச்சது காபோர் இல்லியே."

மிச்சப் பொழுதெல்லாம் டிராம்தான். நாள் சீட்டுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். ஆற்றோரமாகக் கடைசி வரை போய், திரும்பி, மறுபடி போனோம். பாலங்களில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். பணக்காரர்கள் இதே ஆற்றில் இதே விளக்குகளைப் பார்க்கப் படகுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். நெவில் நிறுத்தங்களின் பெயரைத் தப்புத் தப்பாகச் சத்தமாகப் படித்தான். பக்கத்து சீட்டுக்காரி சிரித்துக்கொண்டே திருத்தினாள். இப்படி ஒரு பிரயாணம் என் வாழ்க்கையில் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வீடு. மூன்று ஸ்வெட்டரும் துவைக்கப் போட்டாயிற்று. நம்முடைய டீ.

பிப்ரவரி 20, வியாழன்

நெவில் டை கட்டிக்கொண்டான். டாக்டரிடம் போக யாராவது டை கட்டுவார்களா என்றேன். பரீட்சை என்றால் டைதான் என்றான்.

நர்ஸ் சின்னப் பெண், நல்ல மாதிரி. கடிகாரம் வரையச் சொன்னாள், அழகாக வரைந்தான். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள். அவள் நிறுத்தச் சொல்லும் வரை கழித்தான். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். இரண்டுதான் வந்தது. மூன்றாவதற்காக மேலே பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஐந்தும் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது, சொல்லக்கூடாது. அவன் முழங்காலில் கை வைத்தேன். "வரலம்மா, போயிருச்சு" என்று அவளிடம் அமைதியாகச் சொன்னான்.

ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதாம். தூங்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் போன மாசம் மாதிரித் தனியாக விழித்துக் கிடக்க வேண்டாம்.

கடைசியில் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். வீட்டுக்காரரைப் பற்றி உங்களிடமும் சில கேள்வி கேட்கவேண்டும் என்றாள். தானே குளிக்கிறாரா, தானே உடுத்துகிறாரா, மாத்திரை தானே எடுத்துக்கொள்கிறாரா.

"வீட்டுல பணம் காசெல்லாம் யாரு பாத்துக்கறாங்க?"

நெவில் டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெவில்தான்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.