நான் அவருக்குக் கும்பாரே அல்ல

லிகாயா,

வாய்மூடி இருந்தது போதும். அங்கே வின்னிபெக் பனியில் நீ சுகமாக இருப்பாய், இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, இருந்தாலும் உன் கல்யாண விருந்துக்குப் பன்றி விலைபேச நொண்டிக்கொண்டே சந்தைக்குப் போய்வருகிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது அவள்தான் சொன்னாள், அன்செல்மோ ஐயாவை உன் கல்யாணத்துக்கு ஞானத்தந்தையாக நிற்க நீ கேட்டாயாம், கேட்ட வாய் மூடறதுக்குள்ள சரின்னுட்டாராம், எவ்வளவு பெரிய மனசு பாருங்க என்றாள். ஞானத்தந்தையாகக் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அவர் வழக்கத்துக்காகச் சம்மதிக்கவில்லை.

மின்சக்தித் துறையில் அவர் என் மேலதிகாரியாக இருந்தவர். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளத்தின் கரை பெருமழைக்குத் தாங்காது என்று நான் எழுதிக் கொடுத்தேன், தாங்கும் என்று அவர் கையெழுத்துப் போட்டார். என்னைக் கடைக்கோடித் தீவுக்கு டீசல் என்ஜின் பார்க்க அனுப்பினார், நீ பள்ளிக்கூடம் போன வருஷங்களில் அப்பா ஏன் வீட்டில் இல்லை என்று அழுவாயே, அதனால்தான். பிறகு வேலையை விட்டு, அந்த நிலையத்தை நடத்தும் கம்பெனியின் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிரிவு விருந்துக்கு என்னையும் வரவழைத்து, மொறுமொறுவென்று பன்றித்தோலைக் கடித்துக்கொண்டே தோளில் தட்டி, கரை இடியும்னியே, கரை நிக்குது பாரு, நீதான்யா இடிஞ்சுபோய் நிக்கிறே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷப் புயலில் கரை உடைந்தது. கீழே இருந்த மீனவர் குப்பத்தில் பிள்ளைகளைச் சாம்பல் சேற்றிலிருந்து மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள், அவர் அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

உன் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடுகிறது. சாட்சி சொல்ல மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். நீயோ அவரை எனக்குக் கும்பாரே ஆக்கிவிட்டாய், ஒரு பிள்ளைக்கு இரண்டு தகப்பன்மார் என்ற உறவு. கும்பாரேக்கு எதிராகப் பேசியவன் முகத்தில் இந்த ஊர் விழிக்காது. நேற்றே போன் செய்துவிட்டார். கும்பாரே, இனிமே நாம ஒரே குடும்பம், குடும்பத்துக்குள்ள என்னய்யா விசாரணை, பொண்ணு கல்யாணத்தைப் பாரு என்று சிரித்தார்.

நீ கட்டிக்கொள்ளப் போகும் ரமிலுக்கு அந்தக் கம்பெனியில் மேலாளர் வேலை உறுதியாகிவிட்டதாம், அம்மா பூரித்துப்போகிறாள். நீ விவரம் தெரியாதவள் அல்ல. புருஷனுக்கு வேலை வாங்க அப்பன் நாக்கை அறுத்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய், என்னைக் கேட்காமல்.

நான் கோவிலுக்கு வரமாட்டேன். பீடம்வரை உன்னை அவரே கூட்டிப்போகட்டும், அடுத்தவர் சொத்தைக் கைமாற்றி விடுவதில் கெட்டிக்காரர். அம்மா வருவாள், அவளைத் தடுக்கமாட்டேன். முழங்காலுக்கு நல்ல தைலம் வாங்கி வா. அவள் கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கிக்கொள், மறக்காதே. பிள்ளைகுட்டியோடு நன்றாக இரு. வீடு பார்க்கும்போது மட்டும் அந்த நிலையத்துக்குக் கீழே பார்க்காதே, அங்கே இப்போது மலிவாகக் கிடைக்கும்.

உன் அப்பா என்று எழுதப் பேனாவை ஊன்றினேன். எழுதினால் நான் அவருக்குக் கும்பாரே, கும்பாரேயாகப் போய் நின்றால் விசாரணைக் குழு முன் எனக்கு வாய் திறக்காது. ஆகவே கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.