நலம் விசாரிக்கும் எந்திரம்

மார்ச் 6, திங்கள்

மட்டாட்டு வண்டியின் கூரை ஒழுகி இடது தோள் முழுக்க ஈரம். அந்த ஈரத்தோடுதான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கிசுமுவில் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, இனி ஏரியும் ஆட ஆரம்பிக்கும். நாங்கள் இந்த வேலையைச் செய்வதே அதற்காகத்தான்.

வேலை நன்றாகவே போகிறது. ஜனங்கள் பதிவு போடும் அந்தத் தளம், எங்களைப் போல நிரல் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு பின்வாசல் வைத்திருக்கிறது. சாவி என்று ஒரு நீள எழுத்துக்கோவையைக் கொடுப்பார்கள். என் நிரல் மணிக்கொரு தரம் அந்தச் சாவியைக் காட்டி, ஏரிக்கரையில் யாராவது காற்றைப் பற்றி, அலையைப் பற்றி எழுதினார்களா என்று கேட்கும். கிடைத்ததை அள்ளி வந்து வரைபடத்தில் புள்ளி வைக்கும். அதைப் பார்த்துத்தான் படகுகளுக்கு எச்சரிக்கை போகிறது.

சாயந்திரம் எங்கள் குழுத் தலைவர் டாக்டர் அமோலோ எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பின்வாசலை இனி சும்மா திறக்க மாட்டார்களாம். மாதக் கடைசியோடு எங்கள் சாவி செத்துவிடும். காசு கட்ட நம்மால் ஆகாது. “இருக்கிற நாளுக்குள்ள அள்ளுறத அள்ளிக்குங்க” என்றார், ஏதோ பஞ்சம் வரப்போகிற மாதிரி.

மார்ச் 8, புதன்

கரண்ட் இல்லை. பக்கத்து மேசை ஒயூகி வாங்கி வந்த மண்டாசி ரொட்டி கல்லு மாதிரி இருந்தது. இரண்டு தின்றேன்.

மார்ச் 9, வியாழன்

இன்று அமோலோ என் திரையில் விரலை வைத்தார். “இங்க மட்டும் ஏன் வெறுமையா இருக்கு? ருசிங்கா தீவுல யாரும் வாயே திறக்கிறதில்லையா?”

அந்தப் பக்கம் ஒரு புள்ளி கூட இல்லை. போன வருஷம் இரண்டு படகு கவிழ்ந்தது அந்தத் தண்ணீரில்தான். அங்கே எங்கள் எச்சரிக்கை வெறும் ஊகம்.

“பார்க்கிறேன்” என்று சொல்லி வைத்தேன். பார்க்க ஆசையில்லை. ருசிங்கா என்ற எழுத்தைப் பார்த்தாலே வரைபடத்தை வேறு பக்கம் நகர்த்திவிடுவேன்.

அப்பா அங்கேதான் இருக்கிறார். அம்மா போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் பெரில் என்கிறவளைக் கூட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்தார். எல்லோர் முன்னாலும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். “இனிமே என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொன்னேன். எண்ணையும் தடுத்து வைத்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. சொன்னால் சொன்னபடி, மனுஷர் ஒருதரம்கூட, யார் மூலமாகவும், ஒரு வார்த்தை... பிடிவாதம். எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

மார்ச் 13, திங்கள்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ருசிங்கா ஏன் காலி என்று தலையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஒயூகி சொன்னான்: “நீ கழிச்சுப் போட்ட குப்பையில பார்த்தியா?”

தளத்தில் பாதிக்குப் பாதி மனுஷர்களே இல்லை. விளம்பரம் போடும் எந்திரங்கள். அவற்றைக் கழிக்க நானே ஒரு விதி எழுதியிருந்தேன்: ஒரே ஆள் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரியோடு ஆரம்பித்து எழுதினால் அது எந்திரம், தூக்கி ஓரமாகப் போடு. அமோலோகூட அதைப் பாராட்டினார்.

குப்பையைத் திறந்தேன். வரிசை வரிசையாக இப்படி:

“பொழுது விடிந்தது. நலமா? வீட்டில் நலமா? பிள்ளைகள் நலமா? நாங்களும் இருக்கிறோம். தெற்கே காற்று.”

“பொழுது விடிந்தது. எழுந்துவிட்டீர்களா? மாடு கன்று சுகமா? இங்கே அலை சின்னது.”

எங்கள் ஆட்கள் நலம் விசாரிக்காமல் காற்றைப் பற்றிப் பேசுவார்களா? தீ பிடித்த வீட்டிலிருந்து ஓடி வருகிறவன்கூட முதலில் “பொழுது விடிந்ததா” என்றுதான் கேட்பான். அதிலும் பெரியவர்கள், தினமும், அதே வரிசையில், அதே சொல்லில். விடிகாலை படகு இறங்கும் நேரத்தில். என் விதிப்படி அத்தனை பேரும் எந்திரம்.

ஒயூகி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “அடிப்பாவி! மரியாத தெரிஞ்சவங்க அத்தன பேரையும் குப்பையில போட்டிருக்கே. உங்கப்பன் உன்ன வளர்த்த லட்சணம்!”

நானும் சிரித்தேன். லூவோ இனத்துப் பெண் நானே, லூவோப் பெரியவர்களை எந்திரம் என்று கழித்திருக்கிறேன். விதியை மாற்றிவிட்டேன். இனி நலம் விசாரிப்பை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

மார்ச் 14, செவ்வாய்

ருசிங்கா நிரம்பிவிட்டது. பெரும்பாலும் ஒரே ஆள், “ருசிங்கா காற்று” என்ற பெயரில். மாதக்கணக்காக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். அமோலோவுக்கு ஒரே சந்தோஷம். “இந்த மனுஷன் ஒரு வானிலை நிலையத்துக்குச் சமம்” என்றார்.

ரசனையான ஆள். காற்றைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஏதாவது ஒரு வீட்டுச் செய்தி ஒட்டி வைக்கிறார். பழுப்புப் பசு கன்று போட்டது. ஆகாயத்தாமரை வந்து கரையை அடைத்துவிட்டது, படகை இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளினோம். ஜன்னலோரக் கொய்யா காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

டீ குடித்துக்கொண்டே புன்னகையோடு படித்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஒன்று:

“மேற்கே வெள்ளாட்டுக் குட்டிகள் துள்ளுகின்றன. சின்னப் படகுகள் போக வேண்டாம்.”

நுரை அலைக்கு வெள்ளாட்டுக் குட்டி என்று பெயர் வைத்தது நான். நாலு வயதில். அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு.

அடுத்த நாள்:

“பொழுது விடிந்தது. நலமா? வீட்டில் நலமா? பிள்ளைகள் நலமா? நாங்களும் இருக்கிறோம். காற்று இல்லை. இதைப் படிக்கிற எந்திரத்தை ஓட்டுகிற பெண் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?”

டீயைக் கீழே வைத்தேனா, கொட்டினேனா தெரியவில்லை.

மார்ச் 15, புதன்

வேலைக்குப் போகலை. எதுக்கு இப்ப? இவ்வளவு நாள் கழிச்சு எதுக்கு? யாரு கேட்டா அவரை?

மார்ச் 17, வெள்ளி

தளத்திலேயே போய் எல்லாவற்றையும் படித்தேன், முதல் பதிவிலிருந்து. போன செப்டம்பரில் நான் வானொலியில் பேசினேன். “உங்க கரையில காற்று எப்படின்னு எழுதுங்க, எங்க எந்திரம் படிக்கும்” என்று சொன்னேன். மறுநாள் விடிகாலையில் முதல் பதிவு. வானொலி கேட்டிருக்கிறார். அலைபேசியில் எண்களைத் தவிர வேறு எதையும் அழுத்தத் தெரியாத மனுஷர்.

அங்கேதான் ஒரு சந்தேகம். அப்பாவுக்கு எழுத்து கிட்டத்தில் தெரியாது. கண்ணாடி போட மாட்டார். இத்தனையும் யார் அடித்தது?

விடை நவம்பரில் கிடைத்தது. அன்றைய பதிவு காற்றில் ஆரம்பித்துச் சட்டென்று மாறுகிறது:

“சொல்கிறவர் வலையைப் பார்க்கப் போய்விட்டார். அடிக்கிறவள் எழுதுகிறேன். இது அவருக்குத் தெரியாது. மீன் வறுத்தால் தலையை இன்னமும் ஓரமாக எடுத்து வைக்கிறார். யாருக்கு என்று நான் கேட்பதில்லை. கடைசியில் பூனை தின்கிறது.”

பெரில். ஒவ்வொரு விடியலிலும் அவள்தான் உட்கார்ந்து, எனக்காக, அப்பா சொல்லச் சொல்ல, “பிள்ளைகள் நலமா” என்று அடித்திருக்கிறாள். நான் அவள் முகத்தை நேராகப் பார்த்ததுகூட இல்லை. அவள் அடித்த ஒவ்வொன்றையும் என் நிரல் குப்பையில் போட்டிருக்கிறது.

பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்ததும் ஒயூகி தன் டீயை என் பக்கம் நகர்த்தினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் நகர்த்தினான்.

மார்ச் 20, திங்கள்

கடைசிப் பதிவு போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. அதற்கப்புறம் எதுவுமே இல்லை.

எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? பழசையே படித்துப் படித்து அழுதுகொண்டிருந்தேன், புதுசு வரவில்லை என்று பார்க்கவே இல்லை. மாதக்கணக்காக ஒரு நாள் தவறாதவர். அந்த வாரம்தான் பெரிய காற்று அடித்தது. ருசிங்கா பக்கம்.

தடையை எடுத்துவிட்டு அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மறுபடி. மறுபடி. பெரிலின் எண் என்னிடம் இல்லை. கேட்டு வாங்கியிருந்தால்தானே.

அமோலோவிடம் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது. “சாவி போனா போகுது. நீ கிளம்பு.”

அப்பா, இருங்க. நான் வர்றேன். இருங்க.

மார்ச் 22, புதன், ருசிங்கா

மட்டாட்டு, ஃபெரி, பின்னே மோட்டார்சைக்கிள். ஃபெரியில் ஏறினதும் தண்ணீரைப் பார்க்கவே முடியவில்லை. மறுகரை வரும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு முற்றத்தில் ஒமேனா மீன் காயப்போட்டிருந்தது. பக்கத்தில் அப்பா முக்காலியில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். உயிரோடு, முழுசாக, அதே நீலச் சட்டையில், ஒரு புதுக் கிழிசலோடு. பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அப்பா, ஏன் போன் எடுக்கல? நான் செத்தே போயிட்டேன் தெரியுமா, ஏன் பதிவு போடல, என்னாச்சு உங்களுக்கு—”

அவர் ஊசியைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

“பொழுது விடிஞ்சுதா, அம்மா?”

“அப்பா!”

“பொழுது விடிஞ்சுதான்னு கேட்டேன்.”

“...விடிஞ்சுது.”

“நல்லாருக்கியா? வேலை செய்யிற இடத்துல எல்லாரும் சுகமா? வழியில சிரமமில்லையே? சாப்பிட்டியா?”

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், ஒயூகி டீ கொடுத்தது உட்பட, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கடைசிப் பதில் வரும் வரை அவர் என் கையை விடவில்லை. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

“போன் ஏரிக்குள்ள போயிடுச்சும்மா. சிக்னல் வரலன்னு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சேன். நழுவிடுச்சு.”

வாசலில் பெரில் நின்றிருந்தாள். “படகு நுனியில நின்னுக்கிட்டு, ‘போச்சா? போச்சா?’ன்னு என்னைக் கேக்குறார். போன் போச்சு, ஆளும் போயிருப்பார். நான்தான் சட்டையைப் புடிச்சு இழுத்தேன்” என்றாள். சட்டை ஏன் கிழிந்திருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கியது.

“என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா வலையைக் கையில் எடுத்துக்கொண்டார். “கூப்பிடாதீங்கன்னு சொன்னே. கூப்பிடல. எழுதாதீங்கன்னு நீ சொல்லலையே.”

மத்தியானம் உகாலிக் களியும் வறுத்த ங்கெகே மீனும். மீன் தலையை எடுத்து அப்பா என் தட்டில் வைத்தார். பூனை வாசலில் உட்கார்ந்து என்னை முறைத்தது. அம்மாவின் நாற்காலி சுவரோரம் அப்படியே இருந்தது, துடைத்து. பெரில் பாயில்தான் உட்கார்ந்தாள். அதைப் பார்த்தேன். அவளைப் பெயர் சொல்லிக்கூட ஒருதரமும் கூப்பிட முடியவில்லை, “இந்தாங்க”, “அதை எடுங்க” என்றே ஒப்பேற்றினேன். கோபம் போய்விட்டதா? முழுக்கப் போகவில்லை. பொய் எழுத மாட்டேன்.

கிளம்பும்போது என் பழைய போனை அப்பாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பெரில் கையில் வைத்தார்.

மார்ச் 31, வெள்ளி

சாவி செத்துவிட்டது. மதியத்துக்கு மேல் நிரல் போய்க் கதவைத் தட்டியது, “அனுமதி இல்லை” என்று திரும்பி வந்தது. ஒயூகி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். அமோலோகூடச் சிரித்துவிட்டார்.

அமோலோ சோர்ந்துபோகவில்லை. நலம் விசாரிக்கிற பெரியவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தேடி, நேரடியாகப் பேசி, தினமும் அவர்களையே எங்களுக்குப் போன் செய்யச் சொல்லப்போகிறோம். பேசியே ஆக வேண்டிய வேலை இது. கதையடிக்க நேரம் ஒதுக்கச் சொல்லி அமோலோ இப்போதே எச்சரித்துவிட்டார்.

ருசிங்காவை யார் எடுப்பது என்று கேட்டார். கையைத் தூக்கினேன்.

ஏப்ரல் 3, திங்கள்

விடிகாலை. பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வாயெல்லாம் நுரையோடு எடுத்தேன்.

“பொழுது விடிஞ்சுதா, அம்மா?”

“விடிஞ்சுதுப்பா.”

“நலமா? வேலை செய்யிற இடத்துல எல்லாரும் நலமா? அந்த டீ குடுத்த பையன் நலமா?”

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றையும் வெட்டவில்லை. பின்னால் அலை சத்தம், படகு தள்ளுகிறவர்களின் கூச்சல். அப்புறம் என் முறை. எங்கள் வழக்கப்படி கேட்டவரைத் திருப்பிக் கேட்க வேண்டும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும்.

“நீங்க நலமாப்பா? முதுகு வலி?”

“இருக்கு. இருக்கட்டும்.”

“பழுப்புப் பசு, கன்னுக்குட்டி?”

“மேயுது.”

மூச்சை ஒருதரம் இழுத்துக்கொண்டேன்.

“சின்னம்மா நலமா?”

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம். பெரில் ஏதோ கேட்டாள், அப்பா ஏதோ சொன்னார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அவள் மூக்கைச் சிந்தினாள் என்று நினைக்கிறேன். “நலம்... நலமா இருக்கேன், கண்ணு” என்றாள்.

போனை வைத்து, வாய் கொப்பளித்து, முகம் துடைத்த பிறகுதான் நினைவு வந்தது. காற்று எப்படி என்று அப்பா சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.