வேலியோரத்து ஏத்தன் குலை

செப்டம்பர் 14, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்ததும் வேலியோரத்து ஏத்தன் வாழையைப் போய்ப் பார்த்தேன். குலை நன்றாகத் திரண்டிருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு இதுதான் எங்கள் வீட்டுக் காணிக்கை. அங்கேயே நின்று ஜெபித்து, காம்பில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டேன். போன வருஷம் மழையில் எல்லாம் அழுகி, கடைப் பூசணிக்காயோடு போய் நின்றேன். இது நானே குடம் குடமாக வெள்ளம் ஊற்றி வளர்த்தது. மனம் நிறைந்திருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி
ரிப்பனுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நூல். பக்கத்து வீட்டுக் கோமளவல்லி அக்கா கட்டியது.

"விஜயதசமிக்கு அம்மனுக்கு நேந்ததாக்கும். தாய்வாழை எங்க பறம்பில, எங்க மண்ணிலல்லவா நிக்குது?" என்றார்.

"கன்னு மொளச்சது எங்க பக்கம். வெள்ளம் ஊத்தினது நானு."

"நீயா மொளைக்க வச்ச?"

அதற்கு நான் சொன்னதை எழுத வேண்டாம். சர்க்கரையும் தேயிலையும் கைமாறும் வேலி அது.

செப்டம்பர் 21, ஞாயிறு
பாடகர் குழுவில் சமாதானத்தைப் பற்றிய பாட்டு. உச்சக் குரல் நான்தான். அக்காவோடு பேச்சே இல்லை. குரல் கொஞ்சமும் பிசகவில்லை, அதுதான் வெட்கம்.

செப்டம்பர் 24
வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டேன். பொன்னுதாஸ் என்னும் இந்த மனிதர் சோற்றைப் பிசைந்தபடியே, "எட்டி கிருபா, கர்த்தருக்கு வாழைக்குலைக்கா பஞ்சம்? சண்டைய மட்டும் காணிக்கையா வைக்காண்டாம், கேட்டியா" என்றார். சிரிப்பு வேறு. மீன்குழம்புச் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 26
ஜெபிக்க உட்கார்ந்தால் குலையில் போய் நிற்கிறது மனசு. யாருக்கு இந்தக் குலை? ஆண்டவருக்கா, என் ரோஷத்துக்கா? காணிக்கை மேசையில வச்சதும் கிருபாபாய் வீட்டுக் குலையப் பாருன்னு நாலு பேரு சொல்லணும் — அதானே எனக்கு? ஒண்ணும் பிடிக்கல்ல.

செப்டம்பர் 28, ஞாயிறு
வீட்டுக்காரரிடம் சொல்லிக் குலையை வெட்டி, நானே சுமந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அம்மனுக்கு வச்சுக்கோங்க."

"நெசமாத்தானா?"

"ஆமா. ஆனா வெள்ளம் ஊத்தினது நான்தான்."

அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சாயா குடித்துவிட்டு வந்தேன்.

கோயிலுக்குக் குலை கொடுத்தாளாம் என்று சபையில் ஒரு மாதம் பேசுவார்கள். பேசட்டும். நான் கொடுத்தது அக்காவுக்கு. இன்று ஜெபம் தடையில்லாமல் வந்தது.

அக்டோபர் 1
காணிக்கைக்கு மரச்சீனிக் கிழங்கு இருக்கிறது. போதும்.

அக்டோபர் 4, சனி
அக்கா வந்தார். கையில் அந்தக் குலையின் இரண்டு சீப்பு, நன்றாகப் பழுத்து.

"கோயிலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னயே அறுத்து மாத்தி வச்சேன். படச்சதை நீங்க எடுக்க மாட்டீங்கல்லா. இது யாருக்கும் படைக்காததாக்கும். சர்ச்சுக்குக் கொண்டு போ."

எத்தனை தடவை அவர் நீட்டிய பிரசாதத்தை வேண்டாமென்றிருப்போம். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர் போனபின் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு
ஆராதனைக்குப் பின் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். எங்கள் இரண்டு சீப்பும் வந்தபோது பந்தலின் பின்னாலிருந்து ஒரு குரல் விலையை ஏற்றியது. பார்த்தால், கோமளவல்லி அக்காவின் வீட்டுக்காரர் முத்துக்குமாரசாமி அண்ணன். சபைச் செயலாளர் விடவில்லை, அண்ணனும் விடவில்லை. கடைசியில் நெற்றித் திருநீறோடு பழத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணன் நடக்க, சபையே கைதட்டியது.

மாலையில் வேலிக்கு அப்பால் அக்கா கூப்பிட்டார். "கிருபா, பழம்பொரிக்கு எண்ணெ காயுது. அவரையும் கூட்டிட்டு வா."

போனோம். தட்டு வந்ததும் இவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார்.

"ஜெபிச்சுக்கோங்க பொன்னுதாசு, நாங்க இருக்கோம்" என்றார் அண்ணன்.

இவர் தொடங்கினார். வாழைக்கு, மழைக்கு, அண்ணனுக்கு, அக்காவுக்கு என்று நன்றி நீண்டுகொண்டே போனது. பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது. முதலில் ஆமென் சொன்னது கோமளவல்லி அக்காதான்.