டத்தோ உட்காரும் வரை பல்லவி

2 மார்ச் 1996, சனி

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டு இல்லை, பால் எடுக்க முடியாது. அம்மா வீட்டில். அதனால் யாருக்கும் நிம்மதி இல்லை. துணி காயவில்லை. நூலகப் புத்தகம் இரண்டு, திருப்ப வேண்டும்.

சேகர் அண்ணன் இடது கையில் பெரிய கட்டு. நேற்று ஃபேக்டரியில் பலகை அறுக்கும்போது இரண்டு விரல். எலும்பு தப்பியது, நரம்பு தப்பவில்லை. கிட்டார் கம்பியை அழுத்த மாதக்கணக்கு ஆகுமாம். கோயில் திருவிழா அடுத்த மாதக் கடைசியில். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

அம்மா: "புள்ள கையி போச்சேன்னு நான் கெடந்து அழுவறேன். இவ என்னாடான்னா பொஸ்தகத்துக்கு அட்ட போடுறா."

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறு. எழுதக் கூசுகிறது, இருந்தாலும்: அவன் வாசிக்கும் பாட்டு எல்லாம் எனக்கும் வரும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

5 மார்ச், செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சிரம்பான் பஸ் தாமதம். நான் சொல்லித்தரும் கணினி வகுப்பில் காலையில் தட்டச்சே தெரியாத எட்டுப் பேர். "டீச்சர், எலி ஓட மாட்டேங்குது."

மத்தியானம் வகுப்பு இல்லாத நேரம் ஜன்னலோரக் கணினி எனக்கு. முதலாளி கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவார். "யூ மெயின் பெர்லாஹான்-லாஹான் லா," என்பார், மெதுவாக வாசி என்று. பக்கத்தில் பல் டாக்டர் கிளினிக்.

போன தீபாவளியிலிருந்து இதே கூத்து. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய குறுவட்டு, உறையில் ரேஸ் காரின் படம், உள்ளே கிட்டார் கற்றுத்தரும் புரோகிராம். திரையில் ஆறு கோடு, விரல் வைக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளி. மைக் முன்னால் கம்பியைத் தட்டினால் சுருதி சேர்ந்ததா இல்லையா என்று முள் காட்டும். வேகத்தைப் பாதியாக, அதற்கும் பாதியாகக் குறைக்கலாம். ஒரே இடத்தில் நூறு தடவை தப்பு செய்தாலும் நூற்றொன்றாவது தடவையும் அதே முகம். மனிதர்களிடம் இதை நான் கண்டதில்லை.

நாமே ஸ்வரங்களைத் தட்டிப் புதுப் பாட்டும் ஏற்றலாம். சேகர் அண்ணன் வாசிக்கும் மோகன் அண்ணன் இசைக்குழுவின் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு ஏற்றி, மெதுவாக ஓடவிட்டு, கூடவே வாசித்துக் கற்றேன்.

கிட்டார், அண்ணன் தூக்கிப் போட்ட பழையது. முதுகில் விரிசல், டேப் ஒட்டியிருக்கிறேன். கைலியில் சுற்றி பஸ்ஸில் கொண்டு போகிறேன். வகுப்பில் மாணவர்களுக்கு வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இன்று கண்டக்டர்: "என்னா தங்கச்சி, பொணத்துக்கும் சேத்து டிக்கட் எடுக்கணும் லா."

10 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தமிழ்ப் பள்ளி கண்டீனில் ஒத்திகை. மோகன் அண்ணன் (டிரம்ஸ் அடிப்பவர், குழு அவருடையது) கிட்டாருக்கு ஆள் தேடி ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். சேகர் அண்ணனுக்குத் தேநீர் எடுத்துப் போனேன். போன இடத்தில், "அண்ணே, நான் வாசிக்கவா?"

சிரிப்பு. கீபோர்டுக்காரர், "டீ ஆத்துறதுக்கு கிட்டாரு வேணாம் பாப்பா," என்றார். அண்ணனின் கிட்டாரை எடுத்துக் கோயில் பாட்டை வாசித்தேன், அவர்கள் சொந்தமாக மெட்டுப் போட்ட அம்மன் பாட்டு. முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

மோ. அண்ணன்: "டேய் சேகரு, ஒனக்கு மேல இருக்குடா."

"எங்க படிச்சே?" அண்ணன் கேட்டது.

"கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டரு கிட்டார் சொல்லித் தருமா? ஏன், சோறும் ஆக்கித் தருமா?"

ஆனால் சேர்த்துக்கொண்டார்கள். திருவிழா மேடையில் நான். இரவு சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

17 மார்ச், ஞாயிறு

திட்டு வாங்கிய நாள். நியாயமான திட்டு.

மேடையில் ஒரு வழக்கம். பாட்டு நடக்கும்போது டத்தோ மாதிரி பட்டம் வாங்கிய பெரிய ஆள் வந்தால் பாட்டை நிறுத்தக் கூடாது, முடிக்கவும் கூடாது. அவர் மேடை ஏறி, மாலை போட்டு, கைகொடுத்து, இறங்கி நாற்காலியில் உட்காரும் வரை பல்லவியையே சுற்ற வேண்டும். டிரம்ஸ் குச்சி மேலே போனால் சுற்று. குச்சி இறங்கினால் சரணம்.

நான் குச்சியைப் பார்க்கவே இல்லை. புரோகிராமில் பாட்டு நேராக ஓடும், நானும் ஓடிப் பழகிவிட்டேன். எல்லோரும் பல்லவியில், நான் மட்டும் சரணத்தில்.

மோ. அண்ணன் குச்சியை வீசிவிட்டார். "டத்தோ வந்து நிப்பாரு, நீ பாட்டுக்கு ஓடிக்கிட்டிருப்பியா? ஒங் கம்ப்யூட்டருக்கு கண்ணு இருக்கா? மேடையில கண்ணுதான் முக்கியம்."

அண்ணன் சந்தோஷமாக: "நான் அப்பவே சொன்னேன்."

31 மார்ச், ஞாயிறு

சுற்ற வந்துவிட்டது. இந்த வாரம் முழுக்கத் திரையை அணைத்துவிட்டு வாசித்தேன். குச்சிக்குப் பதில் ஜன்னலுக்கு வெளியே போக்குவரத்து விளக்கு. சிவப்பு, பல்லவி. பச்சை, சரணம். இன்று மோ. அண்ணன் வேண்டுமென்றே குச்சியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு தடவைகூட நான் தவறவில்லை.

"மண்டையில இருக்குடா இவளுக்கு."

செய்ய வேண்டியது: கறுப்புப் பாவாடையின் ஜிப். கம்பி ஒரு செட். விரல் நுனிக்குத் தேங்காய் எண்ணெய்.

7 ஏப்ரல், ஞாயிறு

மோ. அண்ணன் வகுப்புக்கு வந்தார், ஞாயிறு என்பதால் முதலாளி இல்லை, சாவி என்னிடம். புரோகிராமைப் பார்க்க வேண்டுமாம். நான் ஏற்றி வைத்திருந்த பாட்டுகளை ஓடவிட்டேன். கிட்டார் மட்டும், சுத்தமாக. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இத கேசட்ல ஏத்த முடியுமா பாப்பா?"

"எதுக்குண்ணே?"

"ஸ்பேருக்கு. கம்பி கிம்பி அறுந்துட்டா?"

முழு நாளும் உட்கார்ந்து ஏற்றினேன். தட்டையாக இருந்த இடங்களில் ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் பலமாக, ஒன்றைக் கொஞ்சம் தாமதமாக வைத்து, என் விரல் வாசிக்கும் மாதிரியே ஆக்கினேன். பெருமையாக இருந்தது. இப்போது படுக்கப் போகும்போதும் அதே பெருமை.

14 ஏப்ரல், ஞாயிறு

நேற்று புத்தாண்டு. பாயசம் மிச்சம், புளித்துவிட்டது.

ஒத்திகைக்குப் போனேன். அண்ணன் என் இடத்தில் நிற்கிறான். கட்டு அவிழ்த்துவிட்டார்கள், விரல் மடங்கவில்லை. தோளில் எலெக்ட்ரிக் கிட்டார், வயர் எங்கும் சொருகவில்லை. பின்னால் ரேடியோவில் என் கேசட். அவன் வலது கை மேலும் கீழும் போகிறது.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மோ. அண்ணன் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே: "கோவிச்சிக்காத பாப்பா. கோயில் தலைவரு ஒரு மாதிரி பேசுறாரு. பொம்பள புள்ள பாடினா பரவால்ல, ஆடினா பரவால்ல, கிட்டாரு மாட்டிக்கிட்டு நின்னா நல்லா இருக்காதாம். எப்பிடியும் ஒன்னோடதுதானே ஓடுது?"

"என்னோடதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும் லா."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "டத்தோ வந்தா..." என்று ஆரம்பித்தேன். "நீ கம்ப்யூட்டர பாத்துக்க," என்றான். "மேடைய நாங்க பாத்துக்கிறோம்."

சரி.

கோயில் தலைவர் உண்மையிலேயே சொன்னாரா? கேட்கப் போவதில்லை. சொல்லியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இவர்களுக்கு வசதி.

படிக்கும் கதைகளில் எல்லாம் பெண்ணிடமிருந்து எதையாவது பிடுங்க ஒரு கெட்டவன் வருவான். இங்கே கெட்டவனே இல்லை. எல்லோரும் "பசியாறிட்டியா பாப்பா" என்று கேட்கிறவர்கள்.

20 ஏப்ரல், சனி

ஒன்றும் இல்லை. மழை. கறுப்புப் பாவாடைக்கு ஜிப் வந்துவிட்டது, தையல்காரி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். போய் வாங்கவில்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

நேற்று திருவிழா. தலைவலி. ஆனாலும் எழுதிவிட வேண்டும், நாளைக்கு எல்லோரும் வேறு மாதிரி சொல்வார்கள்.

பெண்கள் பக்கம், அம்மாவுக்கு அருகில் பாயில் உட்கார்ந்தேன். டத்தோ எட்டு மணிக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. காத்திருந்து கலை நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டையில். நன்றாகத்தான் இருந்தான், அதுவும் உண்மை. முதல் பாட்டுக்குக் கைதட்டல். பின்னால் ஒரு அக்கா, "சேகரு கிட்டாருல பேசுறான் லா," என்றாள். அம்மா திரும்பி அவளைப் பார்த்து முறுவலித்தாள்.

அம்மன் பாட்டின் நடுவில் வாசலில் கார். பட்டாசு. டத்தோ. தலைவர் முன்னால் ஓட, பாடகர் பல்லவிக்குத் திரும்ப, மோ. அண்ணனின் குச்சி மேலே போனது.

என் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன. உடம்பு தானாகவே பல்லவிக்குச் சுற்றியது.

கேசட் சுற்றவில்லை. நேராகச் சரணத்துக்குப் போனது. பாடகர் பல்லவியில், கிட்டார் சரணத்தில். கீபோர்டுக்காரர் இரண்டுக்கும் நடுவில் திணறினார். ஜனங்களுக்கு முதலில் புரியவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார்கள், தப்பாக வாசிக்கிறானே என்று. டத்தோ மேடை ஏறினார். மாலை. பிறகு வரிசையாகக் கைகொடுத்தார். அண்ணனிடம் வந்தபோது அவன் குனிந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிட்டார் வாசித்துக்கொண்டே இருந்தது. அழகாக. நான் தாமதமாக வைத்த ஸ்வரம் தாமதமாக வந்தது.

பின்னாலிருந்து எவனோ: "டேய், சேகரு கிட்டார பேய் வாசிக்குதுடோய்!"

அவ்வளவுதான். பாய் பாயாகச் சிரிப்பு. டத்தோகூடச் சிரித்தார், என்ன என்று புரியாமலே. கீபோர்டுக்காரர் ரேடியோவைத் தட்டப் போய் ஒலியைக் கூட்டிவிட்டார். கடைசியில் மோ. அண்ணன் ஓடி வயரைப் பிடுங்கினார். அண்ணன் கை இன்னும் டத்தோ கைக்குள்.

பக்கத்துப் பாயில்: "அப்ப வாசிச்சது யாரு?"

"கம்ப்யூட்டராம்."

"அப்பிடியா? நல்லா வாசிக்குதே."

நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. எழுந்து, "நான்தான்," என்று சொல்ல வாய் வரை வந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலிக்கும் அளவுக்கு.

29 ஏப்ரல், திங்கள்

அம்மா: "அண்ணன் மானத்த வாங்கிட்டியே."

"நானா மேடையில நின்னேன்?"

"நீதானே அந்த எழவ செஞ்சே."

அண்ணன் வேலைக்குப் போகும் முன் வாசலில் நின்று, "ஒனக்குத் தெரியும். டத்தோ வந்தா சுத்தணும்னு ஒனக்குத் தெரியும்," என்றான்.

தெரியும். அதற்காக ஒரு வாரம் போக்குவரத்து விளக்கைப் பார்த்தவள் நான். அதை எனக்குச் சொல்லித்தந்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லையாம்.

வகுப்பில் முதலாளி "மச்சாம் மானா?" என்றார், நிகழ்ச்சி எப்படி என்று. "ஓகே பாஸ்," என்றேன். மத்தியானம் ஏற்றிய பாட்டுகளை எல்லாம் அழித்தேன். நிச்சயமா என்று கணினி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் கேட்டது. வேறு யாரும் என்னை எதற்கும் அப்படிக் கேட்டதில்லை.

கிட்டாரைக் கைலியில் சுற்றி ஒரேயடியாக வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

1 மே, புதன்

விடுமுறை. காலையில் வெயில், துணி எல்லாம் காய்ந்தது. அண்ணன் சிரம்பான் போய்விட்டான், படம் பார்க்கவாம்.

மோ. அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை, வாசலில் நின்றபடியே பேச்சு. அம்மா காப்பி கலக்க உள்ளே போனாள்.

"அடுத்த மாசம் பாரோய்ல ஒரு கல்யாணம் பாப்பா. சேகரு கை இன்னும் சரியாவல. அந்தக் கம்ப்யூட்டர்ல... சுத்துற மாதிரி செய்ய முடியுமா? ஒரு பட்டன அமுக்கினா பல்லவிக்குப் போற மாதிரி?"

"முடியும். யாராச்சும் குச்சியப் பாத்து அமுக்கணும்."

"அதான் லா! நீ பின்னால தெரைக்குள்ள ஒக்காந்துக்க. ஒனக்குத்தான் கரெக்டா வரும்."

அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்.

உள்ளே போய் கைலியை அவிழ்த்தேன். கிட்டாரை எடுத்துவந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டப்பகல். எதிர் வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா, குழாயடியில் நின்றவர்கள், எல்லோரும் பார்த்தார்கள். அம்மன் பாட்டை ஆரம்பித்தேன். விரிசல் விட்ட கிட்டார், கேசட் மாதிரி சுத்தம் இல்லை. அம்மா காப்பியோடு வாசற்படியில், "என்னாடி இது, உள்ள வா."

குழாயடி ஆட்கள் பக்கத்தில் வந்தார்கள். மோ. அண்ணன் தலையாட்டிக்கொண்டு கேட்டார். பல்லவி முடியும் இடம் வந்தது. கூட்டம் சேர்வதைப் பார்த்தாரோ என்னவோ, வெறும் கைதான், பழக்கத்தில், குச்சியைத் தூக்குவது போலத் தூக்கினார்.

பார்த்தேன். பார்த்துக்கொண்டே சரணத்துக்குப் போனேன்.