கேரளாப் பொண்ணு

செவ்வாய்க்கிழமை, இரவு.

யாழ்ப்பாணத்திலிருந்து தாம்பரத்துக்குப் படிக்க வந்த என்னை, வீட்டுக்கார அக்கா இன்று கேரளாக்காரி ஆக்கிவிட்டார். மொட்டை மாடியில் நான் கதைப்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா, "எந்த ஊரும்மா நீ?" என்றார். நான் வாய் திறக்குமுன் அக்கா, "கேரளாப் பொண்ணுங்க" என்றார்.

கீழே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "சிலோன்னா போலீஸ், விசாரணைன்னு பேசுவாங்கம்மா. எதுக்குப் பேஜாரு? கண்டுக்காத" என்றார்.

என் விசாவும் போலீஸ் பதிவும் ஒழுங்காக இருக்கின்றன. அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே சொன்னதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

இரவு ஊரிலிருந்து அம்மா போனில் அழைத்தார்; மொட்டை மாடிக்குப் போய்க் கதைத்தேன். பக்கத்து மாடியில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்திவிட்டேன்.

"ஏன் பிள்ளை மெதுவாக் கதைக்கிறாய்?"

தொண்டை சரியில்லை என்றேன். அம்மாவிடமே பொய் சொல்ல வைத்துவிட்டார்கள்.