யாருமே ஏசவில்லை

மாசி 9, வியாழன் இரவு

இடைத்தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு இன்று வேட்பாளரோடு ஜீப்பில் நாகலாபுரம் பக்கம் போனோம். ஆளுங்கட்சி நாங்கள்தான். ரேஷன் கடையில் அரிசி இல்லை. மழை பொய்த்துப் பருத்தி செடியிலேயே கருகிவிட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். ஒருவர்கூட ஏசவில்லை.

போன தேர்தலில் இதே தெருவில் மாரியம்மாள் காலிக் குடத்தோடு ஜீப்பை மறித்தாள். "தண்ணிக்கு ஒரு வழி பண்ணாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாரிய?" என்று ஏசித் தீர்த்தாள். ஓட்டுப்பதிவு அன்று தெருப் பெண்களையெல்லாம் அவளேதான் எங்களுக்காகக் கூட்டி வந்தாள். உரிமை இருந்தது, ஏசினாள். என்ன காலம் அது!

இன்று அவள் மோர் கொண்டுவந்தாள். "வெயில்ல அலையுதீங்களே அண்ணாச்சி, குடிங்க. ஒங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறோம்?" என்றாள். வாசலில் குடம் காலியாகத்தான் கிடந்தது.

வேட்பாளர் வெளியூர்க்காரர். "எதிர்ப்பே இல்லையே, ஜெயிச்சிட்டோம்!" என்று சிரித்தார். எனக்கு மோர் இறங்கவில்லை.

என் வீட்டுக்காரி, கட்சிப் பேச்சை எடுத்தாலே கரித்துக்கொட்டுகிறவள். ஒவ்வொரு தேர்தலிலும் ஏசிக்கொண்டே சோறு போடுவாள், ஏசிக்கொண்டே போய் நம் சின்னத்தில் குத்துவாள். இன்று நடந்ததை அவளிடமாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

குழம்பை ஊற்றியபடி, "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. நம்ம கட்சிதான் ஜெயிக்கும்" என்றாள்.